மடியில் மண்

மஞ்சக்குப்பம் நூலகத்தில் எடுத்தேன்.
கடைசி முத்திரை தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.
அதற்குப் பிறகு இந்த ஜாரை
யாரும் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை.
முதுகுத் தாள் உரிந்து
"ட்டர்" என்று மட்டும் மிச்சமிருக்கிறான்.

ஏறக்குறைய ஏழடி.
அவ்வளவு உடம்புக்குச் சின்னக் கைகளாம்.
அந்தக் கைகளால் கோடரி பிடித்தான்
டச்சுக்காரர்கள் கப்பல் பட்டறையில், வேறு பெயரில்,
ராஜா என்று தெரிந்துவிடக் கூடாதென்று.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
உயரத்தை எங்கே ஒளிப்பது?

தாடிக்கு வரி போட்ட பக்கத்தை
மதியச் சாப்பாட்டில் சத்தமாகப் படித்தேன்.
தணிகைவேல் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்.
"அப்போ எனக்கு எவ்வளவு மேடம்?"
கட்டினால் செப்பு வில்லை ஒன்று கிடைக்கும்,
காசு வாங்கியாயிற்று என்று பொறித்தது.
ஒரு பத்து ரூபாய் நாணயத்தை
அவர் டிபன் மூடியில் வைத்தேன்.
சிரித்தோம்.
கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது.

என் வேலை கோடு.
நான் போடுவதில்லை, போட்டதைத் தரையில் காட்டுகிறேன்.
உப்பனாற்றங்கரையில் பதினேழு வீடுகளுக்கு நடுவே
சிவப்பாக ஒன்று போகிறது, வரைபடத்தில்.
கீழே கையெழுத்து இருக்கிறது, ஆள் இல்லை.
தணிகைவேல் சங்கிலி இழுப்பார்,
நான் எண் சொல்வேன்,
கல் நடுவோம்.
இதுவரை ஏழு.

சதுப்பில் தலைநகரம் எழும்புகிற அத்தியாயம்
கரண்ட் போன ராத்திரியில்.
செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாக
பனி, காய்ச்சல், ஓடிப்போனவர்கள்,
பிடித்துவரப்பட்டவர்கள்.
செத்தவர் முப்பதாயிரம் என்கிறது ஒரு கணக்கு,
ஒரு லட்சம் என்கிறது இன்னொன்று.
நடுவில் எழுபதாயிரம் பேர்
இருந்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை.
என் தொழிலில் அரை அடி பிசகினால்
மெமோ வரும்.

அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி:
தள்ளுவண்டி போதாமல்
மண்ணைச் சட்டை மடியில் அள்ளிச் சுமந்தார்களாம்.

மறுநாள் எட்டாம் கல்லுக்குக் குழி.
காத்தாயி வீட்டுப் பின்பக்கம்,
கருவாடு காயும் வலைக்கு இரண்டடி தள்ளி.
வெட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.
திரும்பி வந்தால் குழி பாதிதான் இருந்தது.
அவள் ஆற்றோரத்துக்கும் குழிக்கும்
நடந்துகொண்டிருந்தாள்,
புடவை மடியில் மணலோடு.
திட்டவில்லை. சாபமும் விடவில்லை.
எங்களைப் பார்த்ததும் நிற்கவும் இல்லை.
ஒரு நடை. கொட்டு. இன்னொரு நடை.
தணிகைவேல் கடப்பாரையை எடுத்தார்,
என்னைப் பார்த்தார், வைத்துவிட்டார்.
"நாளைக்கு வரலாம் மேடம்."

சொல்லிவிடுகிறேன்: அவனை
முழுசாக வெறுக்க வரவில்லை எனக்கு.
பல் பிடுங்கக் கற்றுக்கொண்ட ராஜா.
வலியில்லாதவர் வாயையும் திறக்கச் சொன்னவன்தான், ஆனாலும்
தெரியாததைத் தெரியாது என்று
பட்டறைக்குப் போய் நின்றானே.
எங்கள் ஆபீசில் யார் போவார்?

மகனை விசாரித்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனேன்.
பிறகு பஸ்ஸில், கெடிலம் பாலத்தில்
வண்டி நின்ற இருபது நிமிடத்தில்
திரும்பி வந்து படித்தேன்.
பையன் கோட்டைச் சிறையில் செத்தான்.
மறுநாள் போர் வெற்றியின் ஆண்டுவிழா.
நடந்தது.
பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண்ணாகப் போனது,
எந்த ஊர் மடியிலிருந்தோ.

புலப்புத்தகத்தில் எழுத வேண்டிய இடம் ஒரு விரல் அகலம்.
'மழையால் நிறுத்தம்' என்று எழுதலாம், வழக்கம்.
எழுதினேன். அடித்தேன்.
'எட்டாம் கல்: நடவில்லை.
குழியில் மணல். கொட்டியவர் காத்தாயி, க/பெ பரசுராமன்,
வீட்டு எண் பதினொன்று.'
பெயர் எழுதியது அவளுக்கு நல்லதா
நோட்டீஸ் அனுப்ப வசதியா
என்று இப்போது வரை தெரியவில்லை.

புத்தகம் நான்கு நாள் தாமதம்.
அபராதம் இரண்டு ரூபாய்.
நூலகர் சில்லறை இல்லை என்றார்.
பையில் தணிகைவேல் திருப்பித் தந்த
பத்து ரூபாய் இருந்தது. கொடுத்தேன்.
ரசீதில் முத்திரை குத்தினார்:
பெற்றுக்கொள்ளப்பட்டது.