துளைக்காரர்

காகிதத்தில் வயிறு வரைந்தார் டாக்டர்:
நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை திறக்கலாம்,
இல்லை, ஐந்து துளை, ஒரு கேமரா.
"வயசு எழுபத்தெட்டு. துளைன்னா சீக்கிரம் நடப்பார்.
முடியலைன்னா பாதியில திறப்போம்."

பெயர் சின்னப்பையன்.
முப்பது வருஷம் வெள்ளைக்கல் சுரங்கத்தில்
துளை போட்டவர் அப்பா.
"துளை போட்டா அடுத்தது வெடிதானே சார்.
விசில் ஊதினதும் ஓடணும்."
டாக்டர் சிரித்தார்.
நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் கையெழுத்திட.

மூன்றாம் நாள்
குழாயும் பையுமாய் வராந்தாவில் நடக்கிறார்.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன்;
அதன் காலடியில், திறந்து
மூடாமலே விட்ட வெள்ளைக் குன்று.

நின்று, சட்டையைத் தூக்கி
பிளாஸ்திரிகளை எண்ணுகிறார். ஐந்து.
"வெடிச்சத்தத்தை எண்ணுவோம்" என்கிறார்.
"ஒண்ணு குறைஞ்சா
யாரும் கிட்டப் போகக் கூடாது."

பயாப்சி ரிப்போர்ட் வியாழக்கிழமை.