வற்றின கறி

கருங்கல் சந்தி லேபில் தந்த தாளில்
மற்ற எண்களெல்லாம் வரிசைக்குள் அடங்கி நிற்க
சோடியம் மட்டும் தடித்த எழுத்தில்:
நூற்று நாற்பத்தொன்பது.
பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து,
ஒற்றைப் படி வைத்த ஏணி போல.

'சோடியம்னா உப்பாக்கும்' என்றாள் அடுத்த வீட்டு ஜாய்லெட்.
'கூடிப் போச்சு பிள்ளே, நிறுத்து.'
நிறுத்தினோம்.
பதினோரு நாள்
மரச்சீனிக்கிழங்கு சும்மா வெந்தது.
சாளைக்கறி தன் பெயரை மறந்தது.
உப்பிலிட்ட நெல்லிக்காய்ப் பரணியை
ஜாய்லெட்டே தூக்கிக்கொண்டு போனாள்,
என் நன்மைக்காக.
தாசையனும் எனக்காக உப்பை விட்டார்.
வேட்டி துவைக்கையில்
மடிப்புக்குள் கல்லுப்புப் பொட்டலம் கிடைத்தது.
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

மறுபடி ஊசி, மறுபடி ரத்தம்.
நூற்று ஐம்பது.

உப்பே தின்னாதவளுக்கு உப்பு எங்கிருந்து?
முட்டத்துக் காற்று இவ்வளவு தூரம் வருமா?
ராத்திரி எழுந்திருந்து
என் உதட்டை நானே நக்கிப் பார்த்தேன்.

டாக்டர் சின்னப் பெண், சேலத்துக்காரி.
'தண்ணி குடிப்பீங்களா?'
'அவரே விட்டு ஆறு வருசமாச்சு, நான் எதுக்குக் குடிக்கேன்?'
சிரித்துவிட்டாள். 'பச்சைத் தண்ணிம்மா.'
'ஓ, வெள்ளமா.'
'ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?'

அதற்குத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

அண்டி ஆபீஸில் நாங்கள் இருநூற்றுப் பத்துப் பெண்கள்.
கக்கூஸ் இரண்டு.
ஒன்றுக்குக் கதவில்லை.
மற்றதற்குக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு,
சாவி ஸ்டான்லி மேஸ்திரியின் மேசைக்குள்.
கேட்டால் தருவான்.
தரும்போது கடிகாரத்தைப் பார்ப்பான்.
தல்லிய பருப்புக்குத்தான் கூலி,
எழுந்து நடக்கிற நேரமெல்லாம்
தராசில் இல்லாமல் போகிற நேரம்.
காலையில் ஒரு கட்டஞ்சாயா.
பிறகு நாலரை மணிக்கு வீட்டுக் கிணறு.
இருபத்திரண்டு வருடம்.
தாகம் முதலில் குலைக்கும்.
பிறகு முனகும்.
பிறகு கண்ட ஆளைக் கண்டும் காணாமல்
சுருண்டு படுத்துவிடும்.

'உப்பு கூடல. தண்ணி குறைஞ்சிருக்கு'
என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண்.
மிச்சத்தை பஸ்ஸில் நானே கண்டுபிடித்தேன்:
அடுப்பில் மறந்துபோன மீன்கறி.
போட்டது அதே ஒரு கை உப்பு,
ஒரு கல் கூட அதிகமில்லை.
வற்றினது சட்டி.
கரித்தது நாக்கு.
எண்ணைப் படித்த நாங்கள் எல்லோரும்
உப்புப் பரணியைக் குற்றம் சாட்டினோம்,
அடுப்பைப் பார்க்கவில்லை.

'சர்க்கரையும் ஒருதடவை பாத்துடலாம்.
ஒரே நாள்ல குடம் குடமா ஊத்தாதீங்க.
கொஞ்சம் கொஞ்சமா, நாள் முழுக்க.'
நாள் முழுக்க.
இதை மட்டும் எழுதித் தரக் கேட்டேன்.
தந்தாள், சீல் வைத்து.

திங்கள்கிழமை பத்து மணிக்கு
பாதிப் போத்தல் வெள்ளம்.
பக்கத்தில் இருந்த ரெஜினாள்
நான் விஷம் குடிப்பது போல் பார்த்தாள்.
பதினொன்றரைக்கு எழுந்தேன்.
சாம்பல் தேய்த்தும் போகாத கறுப்பு விரல்களோடு
தாளை ஸ்டான்லியின் மேசையில் வைத்தேன்.
ஏணி எழுத்தின் மேலேயே
பெருவிரல் பதிந்தது.
'சோடியமா? இதை எனக்கு எதுக்குக் காட்டுக?'
'சாவி' என்றேன்.

அன்று எனக்கு முக்கால் கிலோ குறைவு.

இரவு நெத்திலிக்கறியில் உப்புப் போட்டிருந்தேன்,
அளவாக, யாரிடமும் சொல்லாமல்.
தாசையனின் கை
வழக்கம்போல் மடிக்குப் போய்
முதல் வாயில்
பாதி வழியில் நின்றது.