அனுபவம்: இரண்டு வருடம்

சேலத்து ஏஜெண்ட் சொன்னார்:
"ரெண்டு வருஷம்னு போடு தம்பி,
யார் வந்து பாக்கப் போறா."
போட்டேன்.
கறவை, கம்பிவேலி, டிராக்டர், டிரெய்லர்,
கன்று ஈனும்போது உடனிருத்தல்.
ஐந்து கட்டத்திலும் டிக்.
நியூசிலாந்தின் தென்கோடியில்
அறுநூற்று நாற்பது மாடுகள்
என் பொய்யை நம்பி மேய்ந்துகொண்டிருந்தன.

எங்கள் வீட்டிலும் இரண்டு நின்றன, ஒருகாலம்.
ஒன்று என் மூன்றாம் செமஸ்டர்.
மற்றது ஹாஸ்டல் பாக்கி.
அதன்பின் நாலு வருடம் ஓசூரில்
பிரேக் ஷூவுக்கு ஓட்டை போட்டேன்,
மூன்று ஷிப்டிலும்.

வீடியோ கேட்டார்கள். பதினைந்து நாள் கெடு.

கம்பைநல்லூரில் தெரிந்தவர்களைக் கேட்க வெட்கம்.
மொரப்பூர் ரோட்டில்
சொசைட்டிக்குக் கேன் தூக்கிவரும் கனிஷ்காவைப் பிடித்தேன்.
பிளஸ் ஒன்.
மணிக்கு நூறு என்றாள்.
வீடியோ எடுக்கத் தனி.

"காம்ப இழுக்காதீங்கண்ணா,
அது என்ன கோயில் மணிக் கயிறா?
மேல அடைச்சுக்கிட்டுக் கீழ புழியணும்."
அடைத்தேன். பிழிந்தேன்.
கட்டைவிரல் மரத்துப்போனது,
செம்பின் அடி நனையவில்லை.
கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினாள்.
கறுப்பி சுரந்ததைத் திரும்ப மேலேற்றிக்கொண்டது.
அப்படியும் செய்யுமாம்,
ஆளைப் பிடிக்கவில்லை என்றால்.

நாலாம் நாள் உதைத்தது.
குளம்பின் பிளவு முழங்காலில் பதிந்திருந்தது.
கனிஷ்கா சிரிக்கவில்லை.
செம்பைத்தான் முதலில் பார்த்தாள்.

ஏழாம் நாள், என்ன நினைத்ததோ,
சர்ரென்று ஒரு பீச்சு.
கையை எடுத்துவிட்டேன், பயத்தில்.
"விடாதீங்க விடாதீங்க" என்று கத்தினாள்,
கிணற்றில் விழுந்தவனிடம் கத்துவதுபோல.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது வேறு சங்கதி.
அது வலப்பக்கம் போக
நாம் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
புளியமரத்துக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவே
பதினோரு தடவை மடங்கி நின்றேன்.
"போற எடத்தப் பாக்காதீங்கண்ணா,
சக்கரத்தப் பாருங்க."
உரிமம் இருந்தது எனக்குத்தான்.

சொசைட்டி மாடியில் நெட் கிடைத்தது.
திரையில் ஒரு பெண், கம்பளித் தொப்பி,
ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து பெய்யும் மழை.
மாடு உதைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.
ஏஜெண்ட் எழுதித் தந்ததில்
எட்டுப் பாதுகாப்பு விதிகள் இருந்தன.
"முதலில் செம்பை எடுத்துவிடுவேன்" என்றேன்.
சிரித்தாள்.
அங்கே செம்பே கிடையாது என்பது
எனக்குப் பிறகுதான் தெரியும்.

விசா வந்தது.
ஐந்தாவது கட்டம் மட்டும் மிச்சம்.
செவலைக்கு நாள் நெருங்கியிருந்தது.
மூன்று இரவு அவள் அம்மா சுடுதண்ணீர் வைத்தாள்.
மூன்று இரவும் அது ஆறியது.
கொசுவோடு நான் உட்கார்ந்திருந்தேன்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கனிஷ்கா கெமிஸ்ட்ரி படித்தாள்.
செவலை அசைபோட்டது,
எங்களையும் சேர்த்து.

ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டும்போது
வாய்ஸ் மெசேஜ்.
முதலில் வெறும் நாக்குச் சத்தம்,
ஈரத்தோலை ஈரநாக்கு நக்கும் சத்தம்,
வெகுநேரம்.
பிறகு அவள்:

"அண்ணா, நீங்க ஏறின அரைமணியில போட்டுருச்சு.
கெடேரி.
நாங்க ஒண்ணும் பண்ணல, அதுவா வந்துச்சு.
ஃபார்ம்ல 'உடனிருத்தல்'னுதான இருக்குது?
மூணு ராத்திரி இருந்தீங்கல்ல.
பொய்யில்ல, விடுங்க.
பாக்கி நானூறு நிக்குது.
இப்பவே ஜீபே பண்ணிடுங்க.
அங்க போயி டாலர் கீலர்னு
கணக்கு பாக்க எனக்கு முடியாது."