கேம்ப்

"இன்னைக்கு ராத்திரி கேம்ப்புல" என்றேன் போனில்.
"என்னைக்குத்தான் இல்ல?" என்றாள் பாக்கியவதி.
விளக்க நேரமில்லை.
கீழே நூகு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

மீன்கடை டெலிவரி வண்டி.
ஏசி போட்டால் நெத்திலி வாசம், நிறுத்தினால் சூடை.
கூடாரம், ஊருக்குத் திரும்பிய ஒரு பிலிப்பினோ
முப்பது திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டது,
ஒரு கம்பி குறைவு.
சாரம் கட்டுகிறவனுக்குக் கம்பிக்கா பஞ்சம்?
சைட்டில் கேட்டேன், கொடுத்தார்கள்.
எதற்கென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஹத்தா மலையில் பச்சை இல்லை.
தோலுரித்த விலா மாதிரி வரி வரியாய்ப் பாறை.
ஆறு நாளும் ஏறுகிறவன் நான்,
நாற்பத்திரண்டாம் மாடிவரை
கால் வைக்கும் இடத்தை நானே செய்து
பிறகு கால் வைப்பேன்.
இங்கே இடம் முன்பே இருக்கிறது.
அதுதான் பயமாயிருந்தது.
இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைத் தேடி
இரண்டு முறை போன கை
வெறும் சட்டையைத் தொட்டுத் திரும்பியது.

சறுக்கும் சரளை. மூச்சு வாங்க நின்ற இடத்தில்
யாரும் மேலே பார்த்து அதட்டவில்லை.
அதனால் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

உச்சியில் போன் துடித்தது:
ஓமன் தங்களை அன்புடன் வரவேற்கிறது.
நாங்கள் எங்கும் போகவில்லை.
என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில்,
பூட்டிய அறையில், எந்தத் தட்டில் என்றுகூடத் தெரியாது.
"போனுக்கு விசா அடிச்சாச்சு" என்றான் சிலுவைதாசன்.
அந்தப் பக்கமும் இதே மலைதான்,
இதே பழுப்பு, இதே வெயில்.
கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று
வெகுநேரம் பார்த்தோம்.

இருவருக்கான கூடாரத்தில் மூன்று பேர்.
எட்டாம் நம்பர் அறையில் பன்னிரண்டு பேர்;
கணக்குப்படி இது மாளிகை.
தூக்கம் வரவில்லை.
பதினோரு பேர் மூச்சு, ஒருவன் பல் கடிக்கும் சத்தம்,
நாலு மணிக்கு வாளி உருளும் ஓசை
எதுவும் இல்லாமல் எப்படித் தூங்குவது?
வெளியே ஏதோ மென்றது.
டார்ச் அடித்தால், ஒரு கழுதை,
எங்கள் குப்பூஸை முடித்துவிட்டு
நாங்கள்தான் தொந்தரவு என்பதுபோல் பார்த்தது.
தாள் பையையும் தின்றுவிட்டு
அவசரமில்லாமல் போனது.

காலையில் அணை.
மலைக்கு நடுவே யாரோ
மறந்து வைத்துவிட்டுப் போன பச்சைத் தண்ணீர்.
நூகு இறங்க மாட்டேன் என்றுவிட்டான்.
"கப்பல் கட்டினவர் பெயரை வைத்துக்கொண்டா?"
"அவரும் வேற வழியில்லாமத்தான் ஏறினாரு."
மூன்று ஜோடி செருப்புக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்தான்.

படகு தரும் நேபாளிப் பையன்
துடுப்பை எப்படிப் பிடிப்பதென்று
சிலுவைதாசனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.
முட்டத்துக் கடலில் இரண்டு முறை கவிழ்ந்து
இரண்டு முறையும் நீந்தி வந்தவன்,
லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு,
முதல் நாள் பயிற்சிபோல, எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
நடுத்தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.
"உப்பு இல்லியே மக்கா."
அப்புறம் பேசவில்லை.

எனக்குப் பின்னால் அவன் முகம் தெரியாது,
துடுப்பு மட்டும் கேட்டது.
என்னுடையது தண்ணீரை அடித்தது,
அவனுடையது சும்மா தொட்டது,
படகு போனது.
அணைச் சுவருக்குச் சாரம் கட்ட
எத்தனை குழாய் வேண்டுமென்று எண்ண ஆரம்பித்து
நூற்று எழுபதில் விட்டுவிட்டேன்.

விசில்.
என் முதுகு தானாக நிமிர்ந்தது,
கரையில் நூகுகூட எழுந்துவிட்டான்.
சிலுவைதாசன் மட்டும் திரும்பவில்லை,
பாறை வளைவைத் தாண்டி
நிழல் இருந்த பக்கம் போய்க்கொண்டே இருந்தான்.

இருபது நிமிடம் கூடுதல், இருபது திர்ஹம்.
"ஓவர்டைம்" என்றான் பையன்.
எட்டு வருஷத்தில் முதல்முறை
ஓவர்டைம் நாங்கள் கொடுத்தோம்.
சிலுவைதாசன் நோட்டை நனையாமல் நீட்டி,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டான்.