வெள்ளை அட்டை

கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள்
கோட்டை எங்கே, குண்டு விழுந்த எல்லை எதுவரை என்று
மீட்டர் பார்க்க வந்த என்னை நிறுத்திக் கேட்கிறார்கள்.
கை காட்டிவிடுகிறேன்.
கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில்
கட்டுக்கட்டாக ஏதோ இருக்கிறதாம்,
கரையான் படித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த கடலூர்
மீட்டர் பெட்டிக்குள்,
பல்லி முட்டைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் நடுவே
நாலாக மடித்துச் செருகியிருக்கிறது.
இரண்டு மாதத்துக்கு ஒரு வரி.
தேதி, ரீடிங், யூனிட், தொகை,
பக்கத்தில் என் கிறுக்கல்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு.
தொண்ணூறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு:
இரண்டு பேர், ஒரே அறையில் தூங்குகிறவர்கள்.
பிறகு முந்நூற்றுப் பத்து.
ஏ.சி. போட்டீங்களா என்றேன்.
ஆக்சிஜன் மெஷின் என்றார் குமாஸ்தா தில்லைநாயகம்.
அடுத்த வரி நாற்பத்தொன்று.
நான் எதுவும் கேட்கவில்லை.

புதுப்பாளையத்துக் கல்யாண மண்டபம்
ஆடியில் வெறும் பதினாறு யூனிட்,
வாட்ச்மேன் பல்பு.
குடிகாட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற இரவுகளை
ஃபேன் எழுதி வைக்கிறது.
சிப்காட் வாடை கனத்த மாதம் எதுவென்று
மூக்கில்லாமலே சொல்வேன்.

தானே அடித்த வருஷம்
தெருத்தெருவாக, எல்லா அட்டையிலும்
அதே இடத்தில் ஒரு மெலிந்த வரி.
ஊரே உட்கார்ந்து
ஒரு கையால் எழுதியது போல.

இனி வருவது
யாரும் கேட்காதது.

முதுநகரில், உப்பனாற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் தெரு.
பதினேழு வீடு.
பதினைந்தாம் வருஷ டிசம்பரில் நான் அங்கே போகவில்லை.
போக வழியில்லை என்பது பாதி உண்மை.
வீட்டில் டீ குடித்தபடி
பழைய ரீடிங்கோடு சராசரியைக் கூட்டினேன்.
தண்ணீர் வடிந்த பிறகு போய்
அட்டைகளிலும் ஏற்றினேன்.

ஜெய்புன்னிசா வீட்டுக்கு எண்பத்து நான்கு.

அப்படியென்றால் அந்த வீட்டில்
ஃபேன் சுற்றியது,
மிக்ஸியில் தேங்காய் அரைபட்டது,
யாரோ பத்து மணிக்கு மேலும் சீரியல் பார்த்தார்கள்.
நடந்தது வேறு.
மீட்டர் மட்டத்துக்குத் தண்ணீர்.
ஆட்கள் பள்ளிக்கூட மாடியில்,
ஒரு பாய்க்கு நாலு பேர்.

பணம்?
கட்டிட்டோமே, ரசீதுகூட இருக்கு.

போன மாதம் அந்த அட்டையில் கட்டம் தீர்ந்தது.
புதிதை எடுத்தேன்.
பழையதை அவர்தான் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார்.
உறைக்குள்ளும் ஓரம் பழுப்பேறி அலையடித்திருந்தது.
எண்பத்து நான்குக்குப் பக்கத்தில்
கோட்டைத் தாண்டி, பென்சிலில்,
சின்னப் பிள்ளைக் கையெழுத்து:
தண்ணி.

ஆறாவது படிச்சப்போ பொண்ணு கிறுக்கிட்டா சார்,
கவர்மென்ட் அட்டைன்னு தெரியாது,
ரப்பர் இருக்கு, அழிச்சிடட்டுமா?

வேண்டாம் என்றேன்.
ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெளியே வலையேற்றிய மினி லாரி ஒன்று
வழி கேட்டு ஹாரன் அடித்தது.
என் வண்டியை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்து
புது அட்டையில் முதல் வரி எழுதுமுன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மீட்டரைக் குனிந்து
இரண்டு தரம் பார்த்தேன்.