வரிக்கு எட்டு டாலர்

பேராசிரியரின் முகத்தை நான் பார்த்ததில்லை.
குரல் தெரியும்.
குரலுக்குப் பின்னால் ஒரு குளிர்பதனப் பெட்டி
விட்டுவிட்டு முனகும், அதுவும் தெரியும்.
சமையலறையில் உட்கார்ந்து பதிவுசெய்கிறார் போலிருக்கிறது.
நானும் சமையலறையில்தான் கேட்கிறேன்,
இரவு ஷிப்ட் முடிந்து
பூட்ஸின் சேற்றைக் கத்தியால் சுரண்டியபடி.
வடக்கு டகோட்டாவில்
அக்டோபருக்கு விடிய மனம் வராது.
ஏழரைக்கும் ஜன்னலில் என் முகம்தான்.
வெளியே வயல் இருக்கிறதென்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

'வெகுஜன ஊடகம் என்பது
ஒருவர் பேசப் பலர் கேட்பது.
கேட்பவர் திருப்பிப் பேச வழி குறைவு.'
முதல் பாடம். குறித்துக்கொண்டேன்.
பதினேழு வருடக் குடித்தனத்தை
இத்தனை சுருக்கமாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் வாரப் பயிற்சி:
ஒரு நாள் முழுக்க உங்களை வந்தடையும்
ஊடகங்களைப் பட்டியலிடுக.
கைபேசி. கைபேசி. கைபேசி.
ஓட்ஸ் டப்பாவின் முதுகு.
பீட்ரூட் கொட்டும் நிலையத்துச் சுவரில்
'விபத்து இல்லாத நாட்கள்: 41' என்ற பலகை.
ஷிப்ட் முடியுமுன்
யாரோ அழித்து 0 என்று எழுதினார்கள்.
ஆர்லனின் கட்டைவிரல்.
அப்புறம் லாரிகளின் வானொலி:
'உறைபனி இறங்குகிறது.
ஒரு மணியோடு அறுவடை நிறுத்தம்.'
வரிசையில் நின்ற விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைந்தன,
கடைசி லாரி மட்டும் சற்று நேரம்
கேட்காததுபோல் நின்றது.

பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்:
'பலகை ஊடகமாகுமா? யோசியுங்கள்.'
யோசித்தேன்.
கட்டைவிரலைப் பற்றித்தான்.

ஐந்தாம் பாடம், வாயிற்காவலர்கள்.
எது செய்தியாக உள்ளே போகலாம்,
எது வாசலிலேயே நிற்க வேண்டும் என்று
தீர்மானிக்கிறவர்கள்.
இரண்டு முறை கேட்டேன்.

அப்பா இறந்தபோது வாரப் பத்திரிகையில்
வரிக்கு எட்டு டாலர்.
கவுன்டரில் வெர்னா ட்வைட்,
காதில் பென்சில், முகத்தில் நிஜமான வருத்தம்.
அக்கா கார்லிஸும் நானும் கார்
பானட்டின் மேல் தாளை வைத்து வெட்டினோம்.
'பிடிவாதக்காரர்' போனது.
'அக்கார்டியன் வாசிப்பார், மோசமாக' போனது.
மூன்று மாதம் மட்டும் நீடித்த
இரண்டாம் கல்யாணம் போனது,
அது கார்லிஸுக்கு நிம்மதி.
'இவர்களை விட்டுச் சென்றார்' வரியில்
கடைசிப் பெயரும் போனது: லெஃப்சே, நாய்.
மிஞ்சியது
பிறந்தார், பயிரிட்டார், இறந்தார்,
தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மதிய உணவு.
வாயிலில் நின்றது வெர்னா இல்லை.
என் கைப்பை.

ஆறாம் பாடம், பதினான்காவது நிமிடம்.
விளம்பரம் எப்படிப் பத்திரிகையைத் தின்னவைத்தது,
பிறகு எப்படிப் பட்டினி போட்டது என்று
சொல்லிக்கொண்டே வந்தவரின் முதுகுக்குப் பின்னால்
ஒரு நாய் குரைத்தது.
'மன்னிக்கவும்' என்றார், மெதுவாக,
எங்களிடமா நாயிடமா தெரியவில்லை.
வெட்டியெறியாமல் அப்படியே விட்டிருந்தார்.

மேசைக்கடியில் லெஃப்சே தலை தூக்கியது.
பதில் குரைத்தது.
பின்னால் ஓட்டிப் போட்டேன்,
மறுபடி குரைத்தது, இம்முறை எழுந்து நின்று.
மூன்றாவது முறை
அதற்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று தூங்கவில்லை.
வாயிற்காவலர் பயிற்சிக்கு
அப்பாவின் அறிவிப்பை முழுசாக எழுதினேன்,
வெட்டியதெல்லாம் சேர்த்து.
பிடிவாதம், அக்கார்டியன்,
மழை அளவை மில்லிமீட்டரில் சொன்னால்
வானொலியோடு சண்டை போட்டது,
அந்த மூன்று மாதத்துப் பெண்ணின் பெயர், யூனிஸ்,
அவள் நல்லவள்தான் என்ற ஒரு வரி.
கடைசியில் லெஃப்சே.

செவ்வாய்க்கிழமை மதிப்பெண் வந்தது.
'அருமை. ஆனால் சொல் வரம்பு மீறியிருக்கிறது.
இரண்டு மதிப்பெண் கழித்திருக்கிறேன்.'

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
இம்முறை வரிக்கு எவ்வளவு விழுந்ததென்று.
மலிவுதான்.