மூன்றாம் வேற்றுமை

நான் தட்டச்சு செய்த கடிதம்
பிழை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது.

அனுப்பியவர் ம. மெற்றில்டா, சங்குக்காரர் ஒழுங்கை.
தொழில், விண்ணப்பத்தில் உள்ளபடி,
பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநர்.
இரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கம் மூடி
சைக்கிளில் கொட்டடி தாண்டி வருவாராம்.
கார்த்திகையில் ஒழுங்கை முகப்பிலேயே இறங்கி
சைக்கிளைத் தோளில் ஏற்றுவாராம்.
முழங்காலளவு. போன வருடம் இடுப்பளவு.
மலக்குழியும் கிணறும் ஒரே மட்டத்தில் நின்று
ஒன்றையொன்று பார்த்தன என்று
முதல் முறைப்பாட்டில் எழுதியிருந்தார்.
கோப்பில் அதை நான் சுருக்கினேன்:
வெள்ளப் பிரச்சினை.

எங்கள் பதில் நாலு வரி.
தங்கள் முறைப்பாடு கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது.
வாய்க்கால் தொடர்பில் அறிக்கை கோரப்பட்டுள்ளது.
உரிய தரப்பினருக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.
விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்.

பதினோரு வருடமாக இதே நாலு வரி.
தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு, சுடலைப் பாதை,
எதற்கும் பொருந்தும்.
பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.

ஒவ்வொரு 'படு'வுக்குக் கீழும் சிவப்பில் ஒரு கோடு.
பக்கத்தில் அந்தச் சின்னக் கூரைக்குறி,
விடுபட்ட சொல்லை ஏற்றும் குறி.
அதற்கு மேலே ஒரே கேள்வி, நாலு தரம்:
யாரால்?
அடியில், "மூன்றாம் வேற்றுமை உருபு விடுபட்டுள்ளது.
திருத்தி மறுபடி அனுப்பவும்."

சிரித்தோம். மேசை மேசையாகப் போனது கடிதம்.
"மனிசிக்கு வேற வேலையில்லை" என்றார் வருமானப் பிரிவில் ஒருவர்.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் மட்டும்
தேத்தண்ணியைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு நான் கோப்பறைக்குப் போனேன்.
ஏனென்று கேட்காதீர்கள். மழைக்கு முந்திய வெக்கை;
மின்விசிறி அங்கேதான் ஒழுங்காகச் சுழல்கிறது.

பழைய நில அளவைப் படத்தில் வாய்க்கால் இருக்கிறது,
நீல மையில், ஆறடி அகலத்தில்,
ஒழுங்கையின் முதுகோடு ஓடிக் கடலுக்குப் போகிறது.
அடுத்த படத்தில் புள்ளிக்கோடு.
அதற்கடுத்ததில் வெறும் தாள்.
வெறும் தாளின் மேல் இப்போது
முன்னூறு பேர் இருந்து சாப்பிடும் கலியாண மண்டபம்.
சபையின் பிரியாவிடை விருந்தும் அங்கேதான்.
நானும் ஐஸ்கிறீம் சாப்பிட்டிருக்கிறேன்,
வாய்க்காலின் மேல் கதிரை போட்டு.

தளம் பரிசோதிக்கப்பட்டது.
வாய்க்கால் ஒதுக்கம் தளர்த்தப்பட்டது.
அனுமதி வழங்கப்பட்டது.
சரிபார்க்கப்பட்டது. அதன் கீழே
கோழி கிண்டினது மாதிரி ஒரு சுருக்கொப்பம்.
என்னுடையது.
நான் சரிபார்த்தது கட்டணத்தை, கூட்டல் கழித்தலை.
படத்தை விரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
விரிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சபை மாகாணத்தைக் காட்டும்.
மாகாணம் கொழும்பைக் காட்டும்.
கொழும்பு ஒருமுறை சிங்களத்தில் பதில் போட்டது.
மொழிபெயர்ப்பித்துப் பார்த்தோம்,
அதற்குள்ளும் ஆளில்லை.

மெற்றில்டாவின் அடுத்த தபால்
தகவல் அறியும் உரிமைப் படிவம்.
பதினான்கு வேலைநாள்.
இன்று பதின்மூன்று. செயலாளர் லீவு.
வடகிழக்கு கறுத்துக்கொண்டு வருகிறது.

கணினியைத் திறந்ததும் விரல் தானாக அடித்தது,
அனுமதி வழங்கப்பட்
நிறுத்தினேன்.
கட்டடக் கோப்பின் பிரதியை எடுத்து
நாலு இடத்திலும் கூரைக்குறி போட்டேன்.
முதலாவதில், வாகனத்தை விட்டு இறங்காத ஒருவரால்;
இப்போது இடமாற்றமாகிவிட்டார்.
அடுத்ததில், அன்றைய தலைவரால்; கனடாவில்.
மூன்றாவது பெயரை எழுத முன் கதவைச் சாத்தினேன்.
நாலாவதில், என்னால்.

இந்தக் கந்தோரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால்
எப்போதும் 'ஏலாது' என்றுதான் வரும்.
முற்றுப்புள்ளி வைக்கக் கை கூசியது.

பென்சிலால் எழுதினேன்.
அழித்துவிடலாம் என்பதால்.
அவையும் 'ஆல்'தான்.

தகரத்தில் முதல் துளிகள்.
பேனையின் மூடியைக் கழற்றி
மேசையில் வைத்திருக்கிறேன்.
நாளை பதினான்கு.